அம்மாவின் வாழ்க்கையை நினைவு மலராக்குவது எப்படி? தென்னாப்பிரிக்காவின் டர்பன் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அம்மாவுக்கு நினைவு மலர் ஒன்றைத் தொகுத்து முடிக்க எனக்குப் பத்து மாதம் ஆனது. அதற்குப் பிறகு டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் சில குடும்பங்களுக்குக் கூடவே உட்கார்ந்து செய்து கொடுத்திருக்கிறேன். எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். முதல் நாளே எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். "அன்பே உருவானவர், பக்தி நிறைந்தவர்" என்று இரண்டு வரி வரும், அதோடு நின்றுவிடும். எழுதுவது இந்த வேலையில் ஏறக்குறைய கடைசி. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் சிலவற்றுக்கு நாள் தவறினால் மறுபடி வாய்ப்புக் கிடைக்காது. ஆகவே வரிசை முக்கியம்.

தேவையானவை: ஒலிப்பதிவு செய்யக்கூடிய கைப்பேசி, ஒரு கோடு போட்ட நோட்டு, மென்மையான பென்சில், சமையல் தராசு. தராசு எதற்கு என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

1. எந்த நாளுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பதினாறாம் நாள் காரியத்துக்கே புத்தகம் தயாராக வேண்டும் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டு வாரமும் வீட்டில் ஆள் வந்துகொண்டே இருக்கும். சமையல், ஐயருக்குச் சொல்வது, ஆவணங்களுக்கு அலைவது என்று யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அவசரத்தில் போட்ட பெயர்ப் பட்டியலில் ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விடுபட்டால், அந்த வருத்தம் வருடக் கணக்கில் நிற்கும்.

பதினாறாம் நாளுக்கு ஒரே தாள் போதும். ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். படம் ஒன்று, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயர், அவர் பாடிய ஒரு பாட்டு, ஒரு பத்தி. பெயர்ப் பட்டியலை மட்டும் குடும்பத்தில் மூன்று பேரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். முழு மலரை வருஷத் திதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. சாமி இடத்தைக் கலைப்பதற்கு முன் படம் எடுங்கள்

எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். தீட்டுக் காலத்தில் சாமி இடத்தைத் துணி போட்டு மூடிவைப்பது பல வீடுகளில் வழக்கம். பதினாறாம் நாள் காலை யாராவது ஒருவர் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவித் துடைத்து, பழைய படங்களை ஆற்றில் விட எடுத்துப் போய்விடுவார். நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் நாற்பது வருஷமாக அம்மா தன் கையால் அடுக்கிய வரிசை அதோடு போய்விடும்.

துணியை எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பதினாறாம் நாள் விடியற்காலையில், கழுவும் வேலை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். முதலில் முழு இடத்தையும் தூரத்திலிருந்து ஒரு படம். அப்புறம் ஒவ்வொரு தட்டு. அப்புறம் ஒவ்வொரு பொருள். விளக்கு எந்தத் திசை பார்த்து இருந்தது, குங்குமச் சிமிழ் எந்தப் பக்கம் என்பதெல்லாம் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

படச்சட்டங்களைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம்தான் தேதி எழுதியிருக்கும். பாட்டுப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். அதற்குள் பழைய சாவு அழைப்பு, கிளினிக் அட்டை, பேரப்பிள்ளை பிறந்த நேரம் எழுதிய காகிதம் என்று எதுவும் இருக்கலாம்.

என் அம்மாவின் கற்பூர டப்பாவின் மூடிக்கு உள்பக்கம், ஊக்கு முனையால் கீறிய கோடுகள் வரிசையாக இருந்தன. எண்ணினேன், பதினொன்று. அந்த டப்பாவை நாற்பது வருஷம் தினமும் பார்த்திருக்கிறேன், மூடியைத் திருப்பிப் பார்த்ததில்லை. அது என்ன கணக்கு என்று அடுத்த வாரம் பெரியம்மாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது: மாமாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது வேண்டிக்கொண்டு, தைப்பூசத்துக்கு எடுத்த பால்குடங்கள். வருஷத்துக்கு ஒரு கோடு.

3. நெருக்கமானவரிடம் அல்ல, மூத்தவரிடம் முதலில் போங்கள்

நமக்கு நெருக்கமான அக்காவிடமும் சித்தியிடமும் பேசுவது எளிது, அதனால் அங்கேதான் தொடங்குவோம். அவர்கள் அடுத்த வருஷமும் இருப்பார்கள். எண்பத்தைந்து வயதுப் பெரியம்மாவை அடுத்த மாதத்துக்கு என்று ஒத்திப்போடாதீர்கள். வயது வாரியாகப் பட்டியல் போட்டு மேலிருந்து கீழே வாருங்கள்.

கேள்வித்தாளோடு போகாதீர்கள், ஒரு பொருளோடு போங்கள். "அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், "தங்கமானவ" என்ற ஒரே பதில்தான் எங்கேயும் வரும். பொருளைக் கையில் கொடுத்தால் கதை தானே வரும். நான் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு போனேன். (பெரியம்மா சொல்லும் மேகசின் பராக்ஸ், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் இருந்த குடியிருப்பு.)

"பெரிம்மா, இது யாரோடது?"

"உங்க ஆயாவோடது கண்ணு. மேகசின் பராக்ஸ்ல இருந்து லாரியில சாமான ஏத்தினப்ப, இத மட்டும் குடுக்க மாட்டேன்னு மடியில வச்சிக்கிட்டு வந்தா. உள்ள வெளக்குத் திரியும் துண்ணூறும் இருந்துச்சி. புது ஊட்டுல மொதல்ல வெளக்குதான் ஏத்தணும்னு."

ஒரு நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். பெரியவர்களுக்குக் களைப்பு வந்த பிறகு சொல்வதில் பெயர்கள் குழம்பும். முடிந்தால் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்துவார், அந்தத் திருத்தத்தில்தான் உண்மை வெளியே வரும். பதிவு செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லி அனுமதி கேட்டுவிடுங்கள்.

தமிழ், ஆங்கிலம், நடுவில் நாலு ஜூலு வார்த்தை என்று கலந்துதான் பேசுவார்கள். திருத்தி எழுதாதீர்கள். அந்தக் கலவையே அவர்களுடைய குரல். வீட்டுக்கு வந்ததும் கோப்புக்குப் பெயரும் தேதியும் வைத்து, இரண்டு இடத்தில் சேமியுங்கள். கைப்பேசி தொலைந்து மூன்று பேரின் பேச்சு மொத்தமாகப் போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த மூவரில் ஒருவர் இன்று இல்லை.

4. ஆண்டு கேட்காதீர்கள், வீடு கேளுங்கள்

நம் ஆயாமார்களுக்கு, அதாவது பாட்டிமார்களுக்கு, ஆண்டு ஞாபகம் இருக்காது. எந்த வீட்டில் இருந்தோம் என்பது இருக்கும். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் இந்தக் குடும்பங்களை வீடு வீடாகப் பெயர்த்தது. டர்பனில் இருந்த கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பராக்ஸிலிருந்தும் எத்தனையோ பேர் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார்கள். அதனால் நோட்டில் ஆண்டு வரிசை போடாமல் வீட்டு வரிசை போடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்: யார் யார் இருந்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்தக் கோயிலுக்கு நடந்து போனார்கள், எந்தப் பிள்ளை அங்கே பிறந்தது.

அப்புறம் ஆண்டைக் கண்டுபிடிக்கச் சில அடையாளக் கேள்விகள் உண்டு. "கூலி பவுனிலா, ராண்டிலா?" என்று கேளுங்கள். பழைய பவுன் நாணயத்துக்குப் பதில் ராண்டு வந்தது 1961 பிப்ரவரியில், ஆகவே பவுன் என்றால் அதற்கு முன். "கலவரத்துக்கு முன்னாலா?" என்றால், டர்பன் கலவரம் 1949 ஜனவரி. "டிவி வந்துவிட்டதா?" என்றால் 1976. "லோட்டஸ் ரேடியோ கேட்டீர்களா?" என்றால், இந்தியர்களுக்கான அந்த வானொலி வந்த 1983க்குப் பிறகு. பெருவெள்ளம் 1987 செப்டம்பர். சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை என்றால் 1969க்கு முன் இருக்க முடியாது. இந்த ஆறு கேள்வியை வைத்தே என் அம்மாவின் வாழ்க்கையில் எண்பது விழுக்காட்டை வரிசைப்படுத்திவிட்டேன்.

வாக்குப் போட்ட நாளையும் மறக்காமல் கேளுங்கள். எல்லா இனத்தாரும் முதன்முறையாக வாக்களித்த 1994 ஏப்ரலில் வரிசையில் நின்றபோது என்ன சேலை கட்டியிருந்தார் என்பதுகூட மகள்களுக்கு நினைவிருக்கிறது.

5. பக்தியை எழுதுவதற்கு முன் பிரித்துக்கொள்ளுங்கள்

"அம்மா ரொம்ப பக்தி" என்ற வரியைப் படிக்கும் கொள்ளுப்பேத்திக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அவர் என்ன செய்தார் என்று எழுதினால் தெரியும். நான் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்: தினமும் செய்தது, வருஷத்துக்கு ஒருமுறை செய்தது, கஷ்டம் வந்தபோது செய்தது.

தினமும் செய்ததைத் துணி துவைப்பதைச் சொல்வது போல விவரமாகக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார்? குளித்த பிறகா விளக்கு, வாசல் கூட்டிய பிறகா? சாம்பிராணிப் புகையை எந்த அறை வழியாக எந்த அறைக்குக் கொண்டுபோனார்? சாமிக்குப் பிறகு யாருக்கு முதலில் விபூதி வைத்தார்? என் அம்மா, தையல் ஃபாக்டரிக்குப் போகும் பஸ் ஐந்தே முக்காலுக்கு என்பதால், நாலரைக்கு விளக்கேற்றி, திரியை ஓரத்திலிருந்து சற்றே உள்ளே இழுத்துவிட்டுப் போவார். அப்படிச் செய்தால் எண்ணெய் மெதுவாகக் குறையும், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்வரை சுடர் நிற்கும். விளக்கு எரியும் வீட்டிலிருந்துதான் பிள்ளைகள் வெளியே போக வேண்டும் என்பது அவர் கணக்கு. அவருடைய பக்தியைச் சொல்ல இதைவிட நல்ல பத்தி எனக்குக் கிடைக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை செய்ததற்குப் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு கட்டம் போட்டு நிரப்புங்கள். தைப்பூசக் காவடி, பங்குனி உத்திரம், ஈஸ்டர் விடுமுறையில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில், ஆடியில் கஞ்சி, புரட்டாசி முழுக்கக் கவிச்சி இல்லாமல் சனிக்கிழமை கோவிந்தா பூசை, கார்த்திகை விளக்கு. இங்கே ஆடி குளிர்காலம் என்பதை எழுத மறக்காதீர்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு அது தெரியாது. ஜூலை மாத இருட்டில், ஈரத் தலையோடு, வெளியே விறகடுப்பில் கஞ்சி காய்ச்சிய கைகள் அவை. வேப்பிலை கிடைக்காமல், அதைப் போலவே இருக்கும் சிரிங்கா மரத்தின் இலையைக் கட்டியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். வேப்பிலை என்று மாற்றாதீர்கள்.

தராசு இங்கேதான். அம்மாவோடு கஞ்சி காய்ச்சிய மகளோ மருமகளோ ஒருவரை அழைத்து, ஒருமுறை காய்ச்சச் சொல்லுங்கள். மீலி மாவை, அதாவது மக்காச்சோள மாவை, அவர் கைப்பிடியால்தான் அள்ளுவார். பானையில் போடுவதற்கு முன் தராசில் போட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். "நாலு கை" என்று மட்டும் எழுதினால், யாருடைய கை என்று பத்து வருஷம் கழித்துக் கேட்க ஆள் இருக்காது. புளிக்க வைத்த நேரத்தையும், எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குளிரில் புளிக்க அதிக நேரம் பிடிக்கும்.

கஷ்டத்தில் செய்தது, அதாவது நேர்த்திக்கடன், மென்மையான இடம். யாருக்காக வேண்டினார் என்பது சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் இருக்கலாம். அச்சில் போடுவதற்கு முன் அந்த ஆளிடம் தனியாகச் சொல்லுங்கள். என் மாமா அந்தப் பதினொரு கோட்டைப் பார்த்துவிட்டு, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை. புத்தகத்தில் படித்து அவர் அதைத் தெரிந்துகொண்டிருக்கக் கூடாது.

பாட்டு நோட்டைப் பற்றி ஒன்று. இங்கே பலர் தேவாரத்தையும் பஜனைப் பாட்டையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதி வைத்திருப்பார்கள். காதில் விழுந்தபடி எழுதியதால் சொற்கள் உருமாறியிருக்கும். தமிழ் தெரிந்தவர்கள் அதை உடனே திருத்திவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நோட்டுப் பக்கத்தைப் படமாக ஒரு பக்கம் போடுங்கள், எதிர்ப்பக்கத்தில் சரியான தமிழ் வரியைப் போடுங்கள். அவர் பாடியது நோட்டில் இருப்பதுதான்.

அம்மா கிறிஸ்தவர் என்றாலும் இந்த வரிசை அப்படியே பொருந்தும். வேதாகமத்தின் ஓரங்களில் அவர் போட்ட கோடுகளைப் பாருங்கள். குடும்பத்தில் பாதிப்பேர் கோயிலுக்கும் பாதிப்பேர் சர்ச்சுக்கும் போகிறார்கள் என்றால், அதை மறைக்காமல் எழுதுங்கள். ஒரே மேசையில் எல்லாரையும் உட்கார வைத்துச் சோறு போட்டவர் அவர்தானே.

6. பெயரும் காகிதமும்

அடையாள அட்டையின் பதின்மூன்று இலக்கத்தில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஆனால் அது பதிவு செய்தவர் சொன்ன தேதி. வீட்டில் கொண்டாடிய நாள் வேறாக இருந்தால் இரண்டையும் போடுங்கள், ஒன்றை அழிக்காதீர்கள்.

பெயரும் அப்படித்தான். பழைய காகிதங்களில் கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். அப்பாவின் பெயரே சிலருக்குக் குடும்பப் பெயராகப் பதிவாகி, கூடப் பிறந்தவர்களுக்கே வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கும். வீட்டுப் பெயர், காகிதப் பெயர் இரண்டையும் ஒரே வரியில் எழுதினால்தான் பின்னால் வருகிறவர்களுக்குக் குழப்பம் இருக்காது.

அம்மாவின் பெற்றோர் விவரம் தெரியவில்லை என்றால், அவர்கள் இறந்தபோது நிரப்பிய ஜே294 என்ற மரண அறிவிப்புப் படிவத்தைத் தேடுங்கள். பெற்றோர், துணை, பிள்ளைகள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பழைய கோப்புகளுக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம் போக வேண்டும்.

இன்னும் பின்னே போனால் கப்பல் பட்டியல்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்ததில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அப்பா பெயர், வயது, மாவட்டம், ஊர், உடலில் உள்ள மச்சம் தழும்புவரை பதிவாகியிருக்கிறது. எண் தெரியாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், முனியம்மாவும் ராமசாமியும் வரிசையாக வந்து நிற்பார்கள். அதில் ஒருவரைப் பிடித்து "இவர்தான்" என்று சொல்லிவிடுவது எல்லாரும் செய்யும் தவறு. அப்பா பெயர், ஊர், வேலை செய்த தோட்டம் மூன்றும் ஒத்துப்போகாமல் அச்சில் ஏற்றாதீர்கள்.

இதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஒதுக்கவும் வேண்டாம். கப்பல் பட்டியலில் மூழ்கி, யாருக்காகத் தொடங்கினோமோ அந்த அம்மாவையே விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7. இப்போது எழுதுங்கள்

பிறந்த தேதியில் தொடங்காதீர்கள். அவருடைய ஒரு சாதாரண நாளில் தொடங்குங்கள், விளக்கேற்றியதிலிருந்து படுக்கப் போனதுவரை. அந்த நாளைப் படித்துவிட்டால், வாசகருக்கு அவர் தெரிந்த ஆளாகிவிடுவார். அதற்குப் பிறகு எந்த ஊரில் பிறந்தார் என்று சொன்னால் காது கொடுப்பார்கள். அடுத்து வீட்டு வரிசை, அடுத்து வருஷத்தின் பன்னிரண்டு மாதம், கடைசியில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதியவை.

எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து, அன்பான, பொறுமையான, தியாகமே உருவான என்ற சொற்களையெல்லாம் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சம்பவம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சம்பவத்தை வைத்துக்கொண்டு சொல்லை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள்.

பேரப்பிள்ளைகளிடம் "ஆயாவைப் பற்றி ஏதாவது எழுது" என்று கேட்டால் எல்லாம் ஒரே மாதிரி வரும். ஆளுக்கொரு கேள்வி கொடுங்கள். ஒருவனிடம், ஆயா உன்னைத் திட்டியது எப்போது? இன்னொருத்தியிடம், ஆயா உனக்கு முதலில் சொல்லிக் கொடுத்த தமிழ் வார்த்தை எது? ஆங்கிலத்தில் எழுதினால் வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தில் தமிழ் போடலாம். ஆனால் ஆயா என்று அழைத்த இடங்களில் ஆயா என்றே இருக்கட்டும்.

குடும்பச் சண்டைகள் வரும். அம்மாவே நாலு பேர் முன் வாய்விட்டுச் சொன்னதை எழுதலாம். ஒருவரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னது அச்சுக்கு வேண்டாம்.

8. படமும் அச்சும்

சிறிய பழைய படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பசை ஒட்டிய ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்தால் போதும். படத்தின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில்தான். பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழுந்துவிடும்.

நம் ஊர் அச்சகங்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது. எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். எனக்கு முதல் தடவை வந்த அச்சில் கொம்பு தனியாக, எழுத்து தனியாக, கால் தனியாகச் சிதறிக் கிடந்தது. ஒரே ஒரு பிரதி அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குச் சொல்லுங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்.

கடைசி நான்கு பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். காரணம் அடுத்து வருகிறது.

9. திதியன்று

படையல் போட்டுக் கற்பூரம் காட்டி, சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் வாசியுங்கள். சாப்பாடு முடிந்தால் பாதிப்பேர் காரில் ஏறிவிடுவார்கள். "ஒரு நாள்" பகுதியை மட்டும் வாசித்தால் போதும், முடிந்தால் மூத்த பேத்தி வாசிக்கட்டும். முதல் பிரதியைக் கூட்டத்தில் மூத்தவர் கையில் கொடுங்கள்.

புத்தகத்தோடு பென்சில் ஒன்றையும் மேசையில் வையுங்கள். வாசித்த அன்றே திருத்தங்கள் வரும். "அது அந்த வீடு இல்லை", "அந்தப் படத்தில் இருப்பது நான்" என்பார்கள். வாய்ப் பேச்சாக விடாமல், அந்த வெற்றுப் பக்கத்தில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லித் தேதி போடுங்கள்.

எங்கள் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் முதலில் எழுதியவர் பெரியம்மா. கை நடுங்குவதால் எழுத்து மேலும் கீழுமாகப் போகும். "பதினொன்னு இல்ல, அவ எடுத்தது பத்து. ஒரு வருசம் அவளுக்குக் காச்ச, நான் எடுத்தேன். கோடு மட்டும் அவ போட்டா."